பானையில் போட்ட சம்பளம்

எனக்கு வருமானம் அதிகமாம். வீட்டுவசதி அலுவலகத்தில் இதைச் சொன்னபோது என் பையில் ஒரு பேருந்து அட்டையும், பாதி தின்றுவிட்டு மத்தியானத்துக்கு மடித்து வைத்த கிம்பாப் சோற்றுச் சுருளும்தான் இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு வரவில்லை.

"பியோ மிரான் நீங்கதானே? அம்மாவோட இருக்கீங்க, ரெண்டே பேர்?"

"ஆமாம்."

"மன்னிச்சுக்குங்க மேடம். அரசு வாடகை வீடு உங்களுக்குக் கிடைக்காது. வருமான வரம்பைத் தாண்டிட்டீங்க."

"நானா? எப்படித் தாண்டினேன்?"

"போன குளிர்காலத்துல மூணு மாசம் யுனிவர்சிட்டில ஆராய்ச்சி உதவியாளரா இருந்திருக்கீங்க. மாசம் இருபத்திரண்டு லட்சம் வோன். அதோட நீங்க வகுப்பெடுக்கற சம்பளத்தையும் கூட்டினா தாண்டிடுது. கம்ப்யூட்டர் அப்படித்தான் பாக்கும்."

"அந்தப் பணம் எனக்கு வரவே இல்லம்மா."

"உங்க கணக்குலதானே மேடம் விழுந்திருக்கு?"

"காலைல விழுந்தது. மத்தியானமே திருப்பிக் குடுத்தாச்சு."

"யாருக்கு?"

யாரென்று சொன்னால் என் துறைக்கே தீ வைத்ததுபோல் ஆகும். அந்தப் பெண் நல்லவள். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சம்பளம் குடுத்தவங்க, 'இந்தப் பணம் இவங்க கைக்குப் போகல'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். மறுபடி பாக்கறோம். ஆனா மாசக் கடைசிக்குள்ள வேணும். அப்பறம் அந்த வீடு அடுத்த ஆளுக்குப் போயிடும்."

அந்த வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு ஜன்னல், இரண்டிலும் வானம். இப்போது நாங்கள் இருக்கும் அறை பாதி தரைக்குள் புதைந்தது. ஜன்னலைத் திறந்தால் தெருவில் போகிறவர்களின் செருப்புதான் தெரியும். மழைக்காலத்தில் சுவரெல்லாம் பூஞ்சை. அம்மா இருபது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் எண்ணெய்ப் புகையைக் குடித்தவள். அந்தப் புகையும் இந்தப் பூஞ்சையும் சேர்ந்து அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டன. இன்னொரு மழைக்காலத்தை அந்த அறையில் தாங்கமாட்டாள் என்று மருத்துவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். நிஜ டாக்டர். என்னைப்போல் உளவியலில் முனைவர் பட்டம் வாங்கிய டாக்டர் இல்லை.

அந்த இருபத்திரண்டு லட்சத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கேட்கத்தான் பெரிய தொகை, எங்கள் ஊரில் அது ஒரு சாதாரண மாதச் சம்பளம். எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் ஆய்வகத்தில் மட்டும்தானா என்று கேட்டால், பல ஆய்வகங்களின் ஆட்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அரசாங்கமோ கம்பெனியோ மாணவர்களுக்குத் தரும் சம்பளம் அவரவர் கணக்கில் வந்து விழும். விழுந்த அன்றே ஆய்வகத்தின் மூத்த மாணவன் பேரில் இருக்கும் பொதுக் கணக்குக்கு அதை அனுப்பிவிட வேண்டும். அதிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் கைச்செலவுக்குப் பிரித்துத் தருவார்கள். மிச்சம் 'பொதுச் செலவு'. பேராசிரியரின் பிறந்தநாள் கேக், ஆசிரியர் தினப் பரிசு, அவர் மாநாட்டுக்குப் போகும் விமானச் சீட்டு, விருந்தாளிக்கு வாங்கும் மாட்டிறைச்சி எல்லாம் அந்தப் பொதுச் செலவுக்குள் அடங்கும். கேட்டால், "நாமெல்லாம் ஒரே பானைச் சோறு சாப்பிடறவங்க" என்பார்கள். பானை ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். கரண்டி யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி.

நான் பட்டம் வாங்கி வெளியே வந்த வருடம், ஆய்வகத்தின் மூத்த மாணவன் டோஜின் போன் செய்தான். நல்ல பையன். ஆனால் இன்னும் ஆய்வேட்டுக்குக் கையெழுத்து வாங்காதவன், அதனால் முதுகெலும்பைக் கழற்றிக் கொடுத்திருந்தான்.

"அக்கா, வருஷக் கடைசில மேலிடத்துலேர்ந்து கணக்கெடுப்பு வருது. படிச்சு முடிச்சவங்க எத்தனை பேர் வேலைல இருக்காங்கன்னு பாப்பாங்க. நம்ம துறை கீழ போனா மூடிடுவாங்களாம். உங்களை மூணு மாசம் உதவியாளர்னு பதிவு பண்றோம். நீங்க வரக்கூட வேணாம்."

"சம்பளம்?"

"வழக்கம்போலதான் அக்கா. உங்களுக்கு மாசம் ரெண்டு லட்சம். மிச்சம் பானைக்கு."

"வேண்டாம்னா?"

"சார்தான் வசந்த காலத்து வகுப்பையெல்லாம் பிரிச்சுக் குடுக்கறாரு..." என்று இழுத்தான். அதற்கு மேல் சொல்ல அவனுக்கு வெட்கம்.

நான் மணிக்கணக்குக் கூலிக்கு வகுப்பெடுக்கிறவள். வகுப்பு உண்டென்றால் அரிசி உண்டு. விடுமுறை விட்டால் மாணவர்களுக்குக் கொண்டாட்டம், எனக்குப் பட்டினி. ஆய்வகத்தில் என் தலையில் மிளகாய் அரைத்தார்கள், நான் தலையைக் காட்டினேன். வேறு எதைக் காட்டுவது?

வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து அன்றைக்கு வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னதும் அம்மா இருமி முடித்துவிட்டுக் கையைத் தட்டினாள்.

"அடேயப்பா! எம்பொண்ணு பணக்காரியாயிட்டா, எனக்குத்தான் யாரும் சொல்லல. எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?"

"அம்மா, சும்மா இரு."

"ஒம்போது வருஷம் படிச்ச. முகத்துல பாதியை மூடிக்கிட்டா ஆளை அடையாளம் தெரியாதுன்னு கண்டுபிடிச்ச. அதுக்கு டாக்டர் பட்டம் குடுத்தாங்க. சரி, சந்தோஷம். உங்க சித்தி பொண்ணு கியூசுன் மூணு மாசம் நகத்துக்குச் சாயம் பூசக் கத்துக்கிட்டா. அவ வீட்ல லிஃப்ட் இருக்கு."

"அவளுக்கு அதுல திறமை இருக்கும்மா."

"உனக்கு இல்லியா? இருக்கறதுனாலதானே எனக்கு வயிறு எரியுது!" என்றவள் மறுபடி இரும ஆரம்பித்தாள். இந்தத் தடவை சீக்கிரம் நிற்கவில்லை. நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அப்புறம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அந்தக் காகிதத்தை வாங்கிட்டு வந்துருடி. நான் ஒண்ணும் அரமனை கேக்கல. காத்து வர்ற ஜன்னல்தான் கேக்கறேன்."

மறுநாள் எங்கள் ஆய்வகப் பேராசிரியர் ஓக் சாங்பில்லின் அறைக்குப் போனேன். அவர் கோபப்படுகிற ஆள் கிடையாது. கோபப்பட்டால்கூடத் திருப்பிக் கோபப்படலாம். இவர் யூஜா என்கிற எலுமிச்சை டீயைத் தன் கையாலேயே கலந்து கொடுத்து, "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கழுத்தில் கத்தி வைப்பார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடிதமா? மிரான், நீ கேக்கறது என்னன்னு உனக்குப் புரியுதா? அப்படி ஒரு வரி என் கையெழுத்தோட வெளிய போனா துறை இருக்காது. டோஜின் இருக்கமாட்டான். ஆய்வகத்துல உனக்கப்பறம் வந்த தம்பி தங்கச்சிங்க நடுத்தெருவுல நிப்பாங்க."

"சார், எங்கம்மா இப்பவே தரைக்குக் கீழதான் இருக்காங்க."

"எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு." ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். "ஒண்ணு பண்ணு. சனிக்கிழமை புது மாணவர் சேர்க்கைக்கு விளக்கக் கூட்டம் வச்சிருக்கோம். இந்தக் காலத்துல பிள்ளைங்களே பொறக்கறதில்ல, சேர ஆள் எங்கேர்ந்து வரும்? நீ மேடைல வந்து உக்காரு. படிச்சு முடிச்ச உடனே வேலைக்குப் போன பொண்ணுன்னு ரெண்டு வார்த்தை பேசு. மத்ததை அப்பறம் பேசிக்கலாம்."

"பேசினா கடிதம் தருவீங்களா சார்?"

"அப்பறம் பேசிக்கலாம்னு சொன்னேனே." டீயை என் பக்கம் நகர்த்தினார். "ஆறிடும், குடி."

குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை அரங்கம் நிரம்பியிருந்தது. நான் எதிர்பார்க்கவில்லை. சேர வந்த பிள்ளைகளைவிட அவர்களைப் பெற்றவர்கள் அதிகம். முப்பது வயதுப் பையனுக்கு அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் பெரிய பேனர். உள்ளே பேராசிரியர் திரையில் படம் படமாக மாற்றிக்கொண்டிருந்தார். வேலைக்குப் போனவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேராம். அந்தத் தொண்ணூறில் நானும் ஒருத்தி. சான் யூ என்றொரு பெண், காபிக் கடையில் கோப்பை கழுவுகிறவள், அவளும் ஒருத்தி. அடுத்த படத்தில் என் முகம் வந்தது. முகத்துக்குக் கீழே 'டாக்டர் பியோ மிரான், பட்டம் பெற்ற உடனே ஆராய்ச்சிப் பணி' என்று கொட்டை எழுத்தில் போட்டு, சம்பளத்தையும் போட்டிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே பூசணிக்காயை மேடையில் ஏற்றி மாலை போட்டிருந்தார்கள்.

அந்தப் பட்டத்தை நான் வெறுக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அந்த ஒன்பது வருடத்தில் நான் கண்டுபிடித்தது சின்ன விஷயம்தான், ஆனால் நானே கண்டுபிடித்தது. அது பொய் இல்லை. அதைக் காட்டி, என் முகத்தைக் காட்டி, ஊரார் பிள்ளைகளை வலைபோட்டுப் பிடிக்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"என் பேர் நாம் சோஹுய். பேங்க்ல எட்டு வருஷமா வேலை. வேலையை விட்டுட்டுச் சேரலாம்னு நினைக்கறேன். ஒளிவுமறைவு இல்லாமக் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இதுல போடற பணமும் வருஷமும் திரும்பி வருமா?"

அரங்கத்தில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் அதே கேள்விதான், அவளுக்குத்தான் கேட்க வாய் இருந்தது. பேராசிரியர் சிரித்தபடி மைக்கை என்னிடம் நீட்டினார்.

"இதுக்கு நான் பதில் சொல்றதைவிட வாங்கினவங்களே சொல்லட்டும்."

வாங்கினவங்களா! அந்த வார்த்தையைக் கேட்டதும் கொஞ்சநஞ்சம் பாக்கியிருந்த பயமும் போய்விட்டது. எழுந்து நின்றேன்.

"திரைல போட்டிருக்கறது நிஜம்தான். மாசம் இருபத்திரண்டு லட்சம், மூணு மாசம் என் கணக்குல வந்துது. காலைல வரும், மத்தியானம் ஆய்வகத்தோட பொதுக் கணக்குக்குப் போயிடும். எனக்கு மாசம் ரெண்டு லட்சம். மிச்சம் அறுபது லட்சத்தை நான் கண்ணால பாத்ததோட சரி. அந்தப் பணத்தை நான் வாங்கினதா நினைச்சு எங்களுக்கு வர வேண்டிய அரசு வீட்டைக் குடுக்கமாட்டேங்கறாங்க. சார்கிட்ட நான் பணம் கேக்கல. இந்தப் பணம் மிரான் கைக்குப் போகலன்னு ஒரு வரி எழுதி, உங்க எல்லார் முன்னாடியும் கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லிக் கேக்கறேன். அவ்வளவுதான்."

டோஜின் அரங்கத்தின் ஓரத்தில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். பேராசிரியரின் முகத்தை ஒரு கணம் பார்த்தேன். வெளுத்திருந்தது. மாட்டிக்கொண்டார் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் அந்த மனிதர் உளவியல் பேராசிரியர். முப்பது வருடமாக மனிதர்களைப் படிக்கிறவர். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார், சிரித்தார், இன்னொரு மைக்கை எடுத்தார்.

"டாக்டர் பியோவுக்கு எப்பவுமே கொஞ்சம் கோபம் ஜாஸ்தி. நல்ல ஆராய்ச்சியாளருக்கு அது வேணும்! பெத்தவங்க நிறையப் பேர் வந்திருக்கீங்க, உங்களுக்குப் புரியும். சின்னப் பிள்ளைங்க கைல பணம் இருந்தா நிக்குமா? அதனால எங்க ஆய்வகத்துல பிள்ளைங்க சம்பளத்தைப் பத்திரமாச் சேத்து வச்சு, வெளிய போகும்போது மொத்தமாக் குடுப்போம். இதுல கொஞ்சம் தாமதமாயிடுச்சு. என் தப்புதான். டோஜின்! அக்காவோட பணத்தை இப்பவே அனுப்பிடுப்பா."

"இப்... இப்பவா சார்?"

"இப்பவேதான். எல்லார் முன்னாடியும்."

டோஜின் போனை எடுத்தான். ரகசிய எண்ணைத் தப்பாகப் போட்டு மறுபடி போட்டான். என் கையில் இருந்த போன் மைக்குக்குப் பக்கத்தில் இருந்தது. பணம் வந்த சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது.

கை தட்டினார்கள்.

முதலில் யாரோ ஒருவர். அப்புறம் எல்லாரும். பையனுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்த அம்மா, பக்கத்தில் இருந்தவரிடம், "பெத்த தாய்கூட இப்படிச் சேத்து வைக்கமாட்டா" என்றாள். நான் மைக்கில், "நான் பணம் கேக்கல, கடிதம்தான் கேட்டேன்! இது சேத்து வச்ச பணம் இல்ல!" என்று கத்தினேன். மைக்கை யார் அணைத்தார்கள் என்று தெரியவில்லை. என் தொண்டைதான் வலித்தது.

அறுபது லட்சம் வோன். என் வாழ்நாளில் மொத்தமாக என் கணக்கில் தங்கிய பெரிய தொகை அதுதான். அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இனி எந்தக் கடிதம்? அந்தப் பணம் என் கைக்கு வரவில்லை என்று இனி யார் எழுத முடியும்? கவுன்டரில் இருந்த அந்த நல்ல பெண்ணின் கம்ப்யூட்டர் சொன்னது இப்போது நிஜமாகிவிட்டது. சியோல் நகரத்தில் வீட்டு முன்பணமே கோடிக்கணக்கான வோன், இந்தப் பணத்தை மூன்றாவது மாடி வீட்டுக்கு முன்பணமாக நீட்டினால் வீட்டுக்காரர் சிரிப்பார். அரசு வீடு போயே போய்விட்டது.

பேராசிரியர் என் பக்கத்தில் வந்து, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"கேட்டதைவிட ஜாஸ்தியாவே வாங்கிட்ட. இனி இங்க வகுப்பெடுக்க வர வேணாம்."

"சார், பணத்தைத் திருப்பி அனுப்பிடறேன். கடிதத்தைக் குடுங்க."

"இத்தனை பேர் பாத்தாச்சேம்மா" என்றார், ரொம்பக் கரிசனமாக.

மேடையை விட்டு இறங்கினேன். விண்ணப்பம் வாங்கும் மேஜைக்கு முன்னால் கூட்டம் மொய்த்தது. போன வருடம் அந்த மேஜையில் மூன்று பேர்கூடத் தேறவில்லை என்று டோஜின் சொல்லியிருந்தான். இன்றைக்கு என் புண்ணியத்தில் பேனா போதவில்லை. வங்கிக்காரப் பெண் சோஹுய் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"கேளுங்க, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. வேலையை விடாதீங்க. அது சேத்து வச்ச பணம் இல்ல. மாட்டிக்கிட்டதால குடுத்தாரு. நான் கூட்டத்துல கேக்கலன்னா ஒரு வோன்கூட வந்திருக்காது. எனக்கு இப்ப வீடும் இல்ல, வகுப்பும் இல்ல."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மரியாதையாகத்தான் கையை விடுவித்துக்கொண்டாள்.

"மேடம், உங்க போன்ல பணம் விழுந்த சத்தத்தை என் காதால கேட்டேன்."

"அதைத்தான் சொல்றேன், அது..."

"எங்க பேங்க்லயும் இப்படித்தான். உள்ள வந்து நல்லாச் சம்பாதிக்கறவங்கதான் மத்தவங்களைப் பாத்து 'வராதே, வராதே'ம்பாங்க" என்று சொல்லிவிட்டு, மேஜையில் குனிந்து தன் பெயரை எழுத ஆரம்பித்தாள்.